விலையும் விளைச்சலும்

ராசிபுரம் என்னும் ஊர்ப் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகச் சுமந்துகொண்டு உலகத்தின் இலக்கிய வீதிகளிலே உலாவந்த ஆர். கே. நாராயண், 1935-ஆம் ஆண்டில் வெளியான தமது முதல் நாவலில், மால்குடி என்னும் கற்பனை ஊரின் பள்ளிச் சிறுவர்கள் ஒன்றுகூடிக் கிரிக்கெட் சங்கம் ஒன்றை ஸ்தாபித்ததையும், அதில் பந்து வீசுவதில் சூரனென்று பேரெடுத்த சுவாமிநாதனுக்கு இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற பந்துவீச்சாளர் டேட்டின் பெயரையே தோழர்கள் சூட்டிவிட்டதையும், முடிவில் அந்தச் சூரன் காட்டிலே வழிதவறி, தான் இரவும் பகலும் கனாக் கண்ட ஆட்டத்துக்கே வந்து சேராமற் போனதையும், சிரிப்புக்கும் துக்கத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு குரலில் சொல்லியிருக்கிறார்.

ஆட்டத்துக்கு வந்து சேராமற் போவதற்குக் கதையிலேதான் காடு வேண்டும். எங்கள் சேலம், நாமக்கல் சீமையில் சென்னைக்குப் போகிற பஸ் கட்டணமே அதற்குப் போதுமானதாக இருந்தது. சேலத்தைக் கடந்து தாரமங்கலம், எடப்பாடிப் பக்கமாக விரிந்து கிடக்கும் சமவெளியில், விசைத்தறியின் ஓசையை நம்பி ஜீவனம் நடத்துகிற சின்னப்பம்பட்டியில், தறிக்கூலிக்குப் போன தந்தைக்கும், சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கிய தாய்க்கும், ஐந்து மக்களில் மூத்தவராக 1991-இல் பிறந்த தங்கராசு நடராஜன், இருபது வயதை நெருங்கும்வரை டென்னிஸ் பந்திலேயே ஆடிக்கொண்டிருந்தவர். தோல் பந்தும் அதற்கேற்ற காலணியும் பட்டணத்துப் பிள்ளைகளின் சொத்தாக இருந்த காலம் அது.

ஆனால் அந்த டென்னிஸ் பந்துதான் அவருக்கு முதல் ஆசான். கனமில்லாத அந்தப் பந்தைச் சற்றே முன்னால் தட்டிவிட்டால், அது குதித்து எழுந்து மட்டைக்காரனின் கைக்கு வாகாக வந்து நிற்கும். அவன் அதைத் தென்னந்தோப்புக்கு அப்பால் அனுப்பிவிடுவான். ஆகையால், சில ஓவர்களிலேயே முடிந்துவிடும் கிராமத்துப் பந்தயங்களில், பந்தை எழும்பவே விடாமல் மட்டைக்காரனின் பாதத்தருகே இறக்குகிற யார்க்கர் என்னும் வித்தை, அலங்காரமாக அல்லாமல் தற்காப்பாகவே பிறக்கிறது. அரை முழம் முன்னே விழுந்தால் அது அடிக்கத் தக்க பந்து; அரை முழம் தள்ளிப் போனால் தரையைத் தொடாத புல்டாஸ்; இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு நிலப்பரப்பிலே, களைத்த கையோடும் பதறும் நெஞ்சோடும் ஆறு முறை பந்தை இறக்குவதென்பது, வருஷக்கணக்கான அப்பியாசத்தினாலன்றிக் கைகூடாத காரியம்.

ஊரிலேயே அவரைக் கண்டெடுத்து, சென்னைக்கு அழைத்துப் போக வழிசெய்த ஜெயபிரகாஷின் பெயரை நடராஜன் பிற்காலத்தில் தம் சட்டையிலேயே தம் பெயருக்கு முன்னால் எழுதிக்கொண்டார் என்றால், அந்த நன்றியின் ஆழத்தை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை. நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடத் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறி, 2015-இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் பிரவேசித்த அவருடைய முதல் ஆட்டத்திலேயே, பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் எழுதினார்கள். பல வருஷங்களாகப் பழகிய கையை மறக்கச் செய்து புதிதாகப் பழக்குவது, நெய்த துணியைப் பிரித்து மறுபடி பாவோடுவது போன்றது. அதையும் செய்து முடித்து, 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக அவர் வீசிய யார்க்கர்களே ஐ.பி.எல். வியாபாரிகளின் கண்ணை அவர் பக்கம் திருப்பின.

ஏலம் என்பது எங்கள் ராசிபுரத்தாருக்குப் புதிய சங்கதியன்று. நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காலி என்று ரகம் பிரித்துக் கொட்டியிருக்கும் மூட்டைகளின் முன்னால், கிழங்கை ஒடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வியாபாரிகள் விலை குறிப்பதை எங்கள் குழந்தைகளும் கண்டிருக்கின்றன. அந்த ஏலத்தைப் பல்லாண்டு பார்த்த குடியானவனுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும்: விலை என்பது சென்ற வருஷத்தின் கதை, விளைச்சல் என்பது வருகிற வருஷத்தின் கதை, சென்ற வருஷத்து உயர்ந்த விலையை நம்பி எல்லோரும் மஞ்சள் நட்டுவிட்ட வருஷத்திலேதான் மார்க்கெட் சரிந்து விழும். நடராஜனின் தொழில்வாழ்க்கையை இந்தக் கண்கொண்டு பார்த்தாலொழிய அதன் கணக்கு நமக்குப் புரியாது.

2017 ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்த வருஷம் அவருக்குக் கிடைத்தவை 2 விக்கெட்டுகளே. அடுத்த ஆண்டில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்து, 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் அவரை வெளியே உட்கார வைத்தது. அதே 40 லட்சத்தில், கொள்ளைநோயின் காரணமாக ஐக்கிய அரபு நாடுகளுக்கு இடம்பெயர்ந்த 2020-ஆம் ஆண்டின் பருவத்திலேதான், 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகளும், அபுதாபியில் ஏ. பி. டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பிடுங்கிய அந்த மறக்க முடியாத யார்க்கரும் வந்து வாய்த்தன.

அதற்குப் பின் நிகழ்ந்தவை, ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் நம்பத்தகாதவை என்று ஒதுக்கப்பட்டிருக்கும். பயிற்சியில் பந்து வீசிக் கொடுப்பதற்கென்று, பிறந்த மகளின் முகத்தைக்கூடக் காணாமல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பழங்காலத்துக் கூலிக்காரனைப் போலப் போன மனிதர், பிறருக்கு நேர்ந்த காயங்களினால் திறந்த கதவுகளின் வழியே ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தார். 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம்; 4-ஆம் தேதி அதே மைதானத்தில் 30 ரன்களுக்கு 3 விக்கெட்டுகளுடன் இருபது ஓவர் ஆட்டம்; 2021 ஜனவரி 15-ஆம் தேதி பிரிஸ்பேனில் இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரராகப் பிரவேசம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் முதன்முதலாக இறங்கிய இந்தியர் அவருக்கு முன் எவருமில்லை. 1988 முதல் ஆஸ்திரேலியர்கள் டெஸ்டில் தோல்வியே அறியாதிருந்த அந்த மைதானத்தில், முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுகளை வீழ்த்தி, இந்தியாவின் வெற்றியில் அவர் தம் பங்கையும் சேர்த்தார்.

விருது என்னும் சொல்லின் பொருளை அந்தப் பயணம் இருமுறை விளக்கிக் காட்டியது. இருபது ஓவர் தொடரின் முடிவில் தொடர் நாயகன் விருதைப் பெற்ற ஹார்திக் பாண்டியா, அது நடராஜனுக்கே உரியது என்று சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டார். டெஸ்ட் தொடர் முடிந்தபோது கேப்டன் ரஹானே கோப்பையைக் கொண்டுபோய் அவரிடமே நீட்டினார். சபை கொடுக்கிற விருதைவிட, உடன் உழைத்தவன் தன் பங்கைப் பிரித்துக் கொடுக்கிற விருதுக்குக் கௌரவம் அதிகம் என்பதைத் தறிப்பட்டறையில் வேலை செய்கிற எவரும் அறிவர். ஜனவரி 21-இல் சின்னப்பம்பட்டி தன் பிள்ளையைக் குதிரை பூட்டிய ரதத்திலே ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தது.

ரதத்திலிருந்து இறங்கி மூன்று மாதங்கள் கழிந்த சில நாட்களிலேயே, முழங்காலில் சஸ்திர சிகிச்சைக்காக அவர் படுக்க வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன்னர், மார்ச்சு 28-ஆம் தேதி புனேயில், இங்கிலாந்துக்கு 14 ரன்கள் தேவைப்பட்ட கடைசி ஓவரில் 6 ரன்களே கொடுத்து வெற்றியைக் காத்த அவருக்கு, அதன் பின் இந்தியச் சட்டையை அணியும் பேறு வாய்க்கவில்லை: ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள். ஐ.பி.எல். சந்தையிலோ கதை வேறாக ஓடியது. 2022-இல் 4 கோடிக்குத் திரும்ப எடுக்கப்பட்டவர் அந்த வருஷம் 18 விக்கெட்டுகளும், 2024-இல் 19 விக்கெட்டுகளும் எடுத்தார். அந்த விளைச்சலைக் கண்டு ஜெட்டா ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்தது. கொடுத்த பின்னர் 2025-இல் மிகச் சில ஆட்டங்களிலேயே அவரை இறக்கியது. 40 லட்சத்துக்கு 16 விக்கெட். பத்தே முக்கால் கோடிக்கு வெளிப் பெஞ்சு. மஞ்சள் வியாபாரம் அறிந்தவர்கள் இதைக் கேட்டுத் திகைக்கமாட்டார்கள்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய விசித்திரமும் அன்று. அமெரிக்காவில் சர்வகலாசாலை மாணவர்களின் கால்பந்தாட்டத்தில், பெரும்பாலும் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டத்தை நடத்துகிறவரைத் தேடிச் செல்கிற ஹைஸ்மன் விருது, நாராயணின் சுவாமிநாதன் பிறந்த அதே 1935-ஆம் ஆண்டில், சிகாகோ சர்வகலாசாலையின் ஜே பெர்வாங்கருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. அங்கே தொழில்முறை அணிகள் வீரர்களை எடுப்பதற்கு ஏலமில்லை, சென்ற பருவத்தில் கடைசியாக நின்ற அணிக்கு முதல் தேர்வு என்கிற தர்மம். 1936-இல் நடந்த முதலாவது தேர்விலும் முதல் பெயர் அவருடையதே. ஆனால் கேட்ட ஊதியத்தைக் கொடுக்க அணி இசையாமையால், அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் காலெடுத்து வைக்காமல் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். விருதும் தேர்வும் இருந்தும் ஆட்டத்துக்கு வந்து சேராத சுவாமிநாதன்கள் செல்வந்த நாட்டிலும் உண்டு.

குடியானவனிடம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. எவ்வளவு நல்ல விலை போனாலும், விளைந்ததை முழுவதும் அவன் ஏலத்துக்கு அனுப்புவதில்லை. அடுத்த நடவுக்கென்று திரட்சியான கிழங்குகளைப் பொறுக்கி நிழலிலே குவித்து வைப்பான். ஏலப்பணம் கைக்கு வந்த காலத்திலேயே நடராஜன் ஜெயபிரகாஷோடு சேர்ந்து ஊரில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே பந்து பழகிய பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடரில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 21 விக்கெட்டுகள் எடுத்து, இறுதியாட்டத்தில் 15 ரன்களுக்கு 5 பேரை வீழ்த்தினார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே நடராஜனின் பெயரில் எழுந்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அடுத்த ஏலத்தில் நடராஜனுக்கு என்ன விலை குறிப்பார்கள் என்று கேட்டால், சென்ற பருவத்தைப் புரட்டிப் பார்த்து வியாபாரிகள் ஏதோ ஒன்று சொல்லுவார்கள். அவர் பொறுக்கி எடுத்து நிழலிலே வைத்திருக்கிற விதைமஞ்சள் எந்த மூட்டையிலும் ஏறாது.