கழனியில் ஒரு சிறு பட்டறை: குறைந்த முதலில் அமைப்பது எப்படி?



கடைக்காரனுக்குப் பட்டறையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் சங்கத்தில் மளிகையோ மண்டியோ நடத்துகிறவர்களில் பலருக்குச் சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு நாள் நிலத்துக்குப் போய்வருகிறவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். திண்டிவனம் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாக மணிலா, உளுந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். ஊரில் ஆறு ஏக்கர் நிலம். தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். அங்கே பட்டறை போட்ட கதையையும் கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

300 ரூபாய் பெல்ட்

2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நாலு ஏக்கர் மணிலாவைப் பிடுங்கிக் களத்தில் போர் போட்டிருந்தோம். சனிக்கிழமை மாலை காய் பிரிக்கும் எந்திரத்தின் பெல்ட் அறுந்தது. டவுனுக்கு ஆள் போய்ச் சேருவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை பகலில்தான் பெல்ட் கைக்கு வந்தது. அதன் விலை 300 ரூபாய். ஆனால் ஞாயிறு இரவே மழை கொட்டிவிட்டது. தார்பாய் பாதிப் போருக்குத்தான் எட்டியது.

நனைந்த காயை உலர்த்தியும் பயனில்லை. மணிலாவில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகும், அதிலிருந்து அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகும் என்பது நம் வியாபாரத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். இதே காரணத்துக்காக எத்தனையோ பேர் சரக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த வருடம் என் சரக்கையே நான் ஒதுக்க வேண்டியதாயிற்று. முப்பது மூட்டை குழிக்குப் போயிற்று. மாட்டுக்குப் போட்டால் நச்சு பாலில் இறங்கும் என்பதால் அதையும் செய்யவில்லை.

எந்திரத்தைப் பார்த்த ஊர்க் கொல்லர் சொன்னார்: "மொதலாளி, பெல்ட் தானா அறுந்து போகலீங்க. புல்லியோட போல்ட் லூசாகி பெல்ட் கோணையா ஓடியிருக்குது. பத்து நாளாவே சத்தம் வந்திருக்கும். ஒரு ஸ்பானர் கையில இருந்திருந்தா முடுக்கியிருப்பீங்க."

அந்த வார்த்தைதான் என்னைப் பட்டறை போட வைத்தது.

அறையும் கூரையும்

பெரிய ஷெட் தேவையில்லை. பூட்டி வைக்க 10க்கு 12 அடியில் ஓர் அறை. அதன் முன்னால் டிராக்டர் வந்து நிற்க 12க்கு 16 அடியில் ஒரு திறந்த கூரை. வேலை முழுவதும் கூரையின் கீழே, கருவிகள் அறைக்குள்ளே. ஹாலோ பிளாக் சுவர், தரைக்கு 4 அங்குலக் கான்கிரீட், பழைய இரும்புக் குழாய், பழைய தகடு. தரையை மட்டும் சிக்கனம் பார்த்து மண்ணாக விடாதீர்கள். கீழே விழுந்த நட்டு மண்ணில் புதைந்தால் தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். ஜாக்கியும் மண் தரையில் நேராக நிற்காது.

வேலை மேசை நம் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதன் மூலையில் 6 அங்குல பெஞ்சு வைஸ். வைக்கோல் போர், சாக்கு, டீசல் கேன் மூன்றும் பட்டறையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். வெல்டிங் பொறி சாக்குக்குள் விழுந்தால் உடனே எரியாது. புகைந்துகொண்டே இருந்து, நாம் வீட்டுக்குப் போன பிறகு பிடித்துக்கொள்ளும். குடோனில் தகடு வேலைக்கு வெல்டர் வரும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஏமாற வேண்டாம்

நம் மாநிலத்தில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அதிலேயே ஒரு ஒயரை இழுத்து வெல்டிங் மெஷின் ஓட்டினால் என்ன என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அது அங்கீகாரமில்லாத உபயோகம். உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டிவரும். எத்தனை நாளாக நடந்தது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்குப் போடுவார்கள். நான் தனி இணைப்பு வாங்கினேன். ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் இரண்டும் கட்டாயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது.

இன்னொன்று. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வாங்கி உள்ளீட்டு வரி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நிலத்துக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் ஏற்றுவது முறையும் அல்ல, சட்டமும் அல்ல.

வாங்கும் வரிசை

கடை வைக்கிறவன் முதல் நாளே எல்லாச் சரக்கையும் அடுக்குவதில்லை. தினம் போகும் சரக்கை முதலில் வாங்குவான். பட்டறையும் அப்படியே.

முதலில் முடுக்கவும் கழற்றவும் வேண்டியவை: ஸ்பானர் செட், ரிங் ஸ்பானர், சாக்கெட் செட், சுத்தியல், இடுக்கி, ஹாக்ஸா, கிரீஸ் கன், ஜாக்கி. 8 மி.மீ. போல்டுக்கு 13 நம்பர், 10க்கு 17, 12க்கு 19 ஸ்பானர் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். பழைய பம்புசெட்டுகளில் அங்குல போல்டு இருக்கும், அதற்கு மி.மீ. ஸ்பானரைப் போட்டால் தலை உருண்டுவிடும்.

ஆறு மாதம் கழித்து டிரில்லும் 4 அங்குல கிரைண்டரும். ஒரு வருடம் ஆன பிறகு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின். கனமான வேலைக்கு 3.15 மி.மீ. ராடு, மெல்லிய தகட்டுக்கு 2.5. மழைக்காலத்தில் ராடு ஈரம் வாங்கும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

என் கணக்கு: அறையும் கூரையும் ரூ. 88,000. மின் இணைப்பும் ஒயரிங்கும் ரூ. 14,000. கைக்கருவிகள் ரூ. 11,500. டிரில், கிரைண்டர் ரூ. 5,500. வெல்டிங் மெஷின் ரூ. 9,000. மொத்தம் ரூ. 1,28,000. இது 2018, 2019ஆம் ஆண்டுகளின் விலை.

நான் செய்த தவறு

மேலே உள்ள கணக்கில் ஒரு பொருள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடி. 150 ரூபாய்ச் சாமான். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். கிரைண்டர் வாங்கிய மூன்றாம் வாரம் தம்பி மகன் கலப்பைக் கொழுவைத் தேய்க்கும்போது இரும்புத் துகள் கருவிழியில் ஏறிவிட்டது. டாக்டர் எடுத்துவிட்டார். ஆனால் தழும்பு நின்றுவிட்டது. இன்றும் அந்தக் கண்ணில் சற்று மங்கல்தான். "விடுங்க பெரியப்பா" என்று அவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். என்னால் முடியவில்லை.

ஆகவே மெஷின் வாங்குகிற அன்றே அதே பில்லில் கண்ணாடியும் வாங்குங்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு 7 அங்குலத் தட்டை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டின் உச்ச வேகம் சுமார் 8,500தான், மீறினால் சிதறும். வெட்டும் தட்டின் நடுவளையத்தில் காலாவதித் தேதி அடித்திருப்பார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கும் நாம் இதிலும் பார்க்க வேண்டும்.

இருப்புப் பெட்டி

கருவியைவிட முக்கியம் உதிரிப் பாகம். எந்திரத்துக்கு ஒன்றாக பெல்ட் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். பெல்ட்டின் முதுகில் "பி 60" என்பது போல் அச்சிட்டிருக்கும். எழுத்து அதன் பருமனையும், எண் அங்குலத்தில் நீளத்தையும் குறிக்கும். அது அழிவதற்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போல்டு, நட்டு, வாஷர், பேரிங், கிரீஸ் எல்லாவற்றுக்கும் அதே நோட்டில் இருப்பு எழுதி, எடுத்ததை அன்றே கழிக்கிறோம். கடைக் கணக்கு எழுதிய கைக்கு இது ஒரு பெரிய வேலை அல்ல.

கிராமங்களில் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. போல்டு, நட்டு நமக்குக் கிலோ கணக்கில் கிடைக்கும். வாடிக்கையாளருக்கு எண்ணிக்கையில் போகும். அழுகாது, பூச்சி பிடிக்காது. அறுவடைக் காலத்தில் ஒரு தட்டு நிறைய போல்டும், உங்கள் ஊரில் ஓடும் எந்திரங்களுக்கான நாலைந்து பெல்ட்டும் கடையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் தட்டினால் எடுத்துக் கொடுங்கள்.

2021ஆம் ஆண்டு அறுவடையிலும் பெல்ட் அறுந்தது. அன்றும் வானம் கறுத்திருந்தது. தம்பி மகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்து, புல்லியைச் சரி பார்த்து முடுக்கினான். இருபது நிமிடத்தில் எந்திரம் ஓடியது. மழை வந்தபோது காய் எல்லாம் மூட்டையில் இருந்தது.