ரெஜைனா விஞ்ஞாபனம்: ஒரு கட்சியின் பதினான்கு கோரிக்கைகளும் அவற்றின் கதியும்

கனடாவில் தேர்தல் வந்தால் எங்களவர்கள் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கட்சி எங்கட பிரச்சினைக்கு என்ன சொல்லியிருக்கு?" கேள்வியில் பிழையில்லை. ஊரில் உறவுகளை விட்டுவிட்டு வந்தவர்கள் வேறெதை முதலில் கேட்பார்கள்? ஆனால் அந்த ஒரு பந்தியைத் தேடிப் படித்துவிட்டு மிச்சப் பக்கங்களை மூடிவைத்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். எங்கள் வாடகை, சம்பளம், பெற்றோரின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த மிச்சப் பக்கங்களில்தான் இருக்கின்றன.

ஒரு தேர்தல் விஞ்ஞாபனத்தை முழுவதுமாக எப்படிப் படிப்பது என்பதை ஒரு பழைய ஆவணத்தைக் கொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பழைய ஆவணம் என்பதில் ஒரு வசதி உண்டு. அதிலே சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, எதை வேறொருவர் எடுத்துச் செய்தார் என்பதெல்லாம் இப்போது எங்களுக்குத் தெரியும்.

1933ஆம் ஆண்டு யூலை மாதம் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவில் சி.சி.எவ். என்ற புதிய கட்சியின் மாநாடு கூடியது. கோ-ஒப்பரேட்டிவ் கொமன்வெல்த் பெடரேஷன் என்பது அதன் முழுப்பெயர். கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்று தமிழில் சொல்லலாம். முந்திய ஆண்டு கல்கரியில் விவசாயிகளும் தொழிலாளர் அமைப்பினரும் சோசலிசவாதிகளும் சேர்ந்து தொடங்கிய கட்சி அது. தலைவர் ஜே. எஸ். வூட்ஸ்வேர்த், ஒரு காலத்தில் மெதடிஸ்ற் திருச்சபையின் போதகராக இருந்தவர். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். புல்வெளி மாகாணங்களில் மழையும் பொய்த்து, கோதுமை விலையும் விழுந்து, நிலத்தின் மேல்மண் புழுதியாகப் பறந்துகொண்டிருந்தது. வேலையற்ற இளைஞர்களை அரசாங்கம் முகாம்களில் வைத்து நாளுக்கு 20 சதம் கொடுத்து வேலை வாங்கியது.

அந்த மாநாடு ஏற்றுக்கொண்ட ஆவணம்தான் ரெஜைனா விஞ்ஞாபனம். முதல் வரைவை எழுதியவர் ரொறன்ரோ பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் பிராங்க் அண்டர்ஹில். அதைச் செப்பனிட்டவர்களில் எவ். ஆர். ஸ்கொட்டும் ஒருவர். இலக்கிய வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கனடிய ஆங்கிலக் கவிதையில் நவீனத்துவத்தைக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். பின்னாளில் டி. எச். லோறன்ஸின் 'லேடி சாட்டர்லி' நாவல் ஆபாசம் என்று தடுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்தில் அதற்காக வாதாடி 1962இல் வென்றவரும் அவரே. கவிஞர்களுக்கு அரசியல் எதற்கு என்று எங்கள் இலக்கியக் கூட்டங்களில் இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. ஒரு கவிஞர் வங்கிச் சீர்திருத்தம் பற்றிய பந்தியைத் திருத்தி எழுத உட்கார்ந்ததையும் அந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

விஞ்ஞாபனத்தில் பதினான்கு அம்சங்கள் உள்ளன. திட்டமிடல், நிதித்துறையைப் பொதுவுடைமையாக்கல், போக்குவரத்து, மின்சாரம் முதலியவற்றில் சமூக உடைமை, விவசாயம், வெளிநாட்டு வணிகம், கூட்டுறவு அமைப்புகள், தொழிலாளர் சட்டம், பொதுச் சுகாதார சேவை, அரசியலமைப்புத் திருத்தம், வெளியுறவு, வரி, சுதந்திரம், சமூக நீதி, உடனடி நிவாரணத் திட்டம். முதலாளித்துவத்தை ஒழிக்கும்வரை எங்கள் அரசு ஓயாது என்ற சூளுரையோடு ஆவணம் முடிகிறது.

பலருக்கும் நினைவில் நின்றது அந்தக் கடைசி வாக்கியம்தான். எதிரிகள் அதைக் காட்டி மக்களைப் பயமுறுத்தினார்கள், தொண்டர்கள் அதைச் சொல்லி மார்தட்டினார்கள். கடைசியில் கட்சியே 1956இல் வினிபெக் பிரகடனம் என்ற புதிய ஆவணத்தை வெளியிட்டுத் தனியார் தொழில்முயற்சிக்கும் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டது. சூளுரை போயிற்று. ஆனால் நடுவே, எட்டாவது அம்சமாக, அதிகம் சத்தமில்லாமல் கிடந்த பந்தி போகவில்லை. கல்வி எந்த அளவுக்கு எல்லோருக்கும் கிடைக்கிறதோ அந்த அளவுக்காவது மருத்துவமும் கிடைக்க வேண்டும், மருத்துவமும் பல்வைத்தியமும் நகரத்தார் கிராமத்தார் என்ற பேதமின்றி எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்தப் பந்தி எப்படி உயிர் பெற்றது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அது வானத்திலிருந்து விழுந்த யோசனையல்ல. சஸ்காச்சுவானில் சில கிராம சபைகள் ஏற்கெனவே வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்து மருத்துவர்களை வைத்திருந்தன. 1944இல் சி.சி.எவ். அந்த மாகாணத்தில் 52 இடங்களில் 47ஐ வென்று ஆட்சிக்கு வந்தது. முதல்வர் ரொமி டக்ளஸ், ஸ்கொட்லாந்தில் பிறந்து சிறுவயதில் வினிபெக்குக்கு வந்த குடியேறி. எலும்பில் கிருமித்தொற்று ஏற்பட்டுக் கால் வெட்டப்பட வேண்டிய நிலையில், ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் இலவசமாக வைத்தியம் செய்ததால் கால் தப்பியவர். ஒரு பிள்ளையின் கால் மருத்துவரின் தயவில் தங்கியிருக்கக் கூடாது என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

ஆனாலும் அவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. 1946இல் சுவிஃப்ற் கரன்ற் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் முழு மருத்துவக் காப்புறுதி தொடங்கியது. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டொலர், குடும்பத்துக்கு எவ்வளவு போனாலும் 30 டொலர். மருத்துவர் கட்டணத்துக்கான காப்புறுதிக்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள். 1957இல் மத்திய அரசு வைத்தியசாலைச் செலவில் ஏறக்குறையப் பாதியை ஏற்கச் சட்டம் இயற்றிய பிறகே அதற்கான பணம் மாகாணத்தின் கையில் மிஞ்சியது. அதே அரசு செருப்புத் தொழிற்சாலையும் தோல் பதனிடும் ஆலையும் நடத்திப் பார்த்துத் தோற்று மூடியதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பொதுவுடைமையும் ஒரே தரமானதல்ல என்பதை அவர்கள் செய்து பார்த்துத்தான் கற்றார்கள்.

1962 யூலை 1ஆம் தேதி மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்த அன்றே மாகாணத்தின் பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் நிலையங்களைப் பூட்டினார்கள். வேலைநிறுத்தம் 23 நாட்கள் நீடித்தது. பிரித்தானியாவிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். அப்போது முதல்வராக இருந்தவர் வூட்ரோ லொயிட். டக்ளஸ் மத்திய அரசியலுக்குப் போய், சில வாரங்களுக்கு முன்தான் ரெஜைனாவிலேயே தோற்றிருந்தார். முடிவில் சமரசம் வந்தது. மருத்துவர்கள் அரசின் சம்பளக்காரர்களாக வேண்டியதில்லை, சொந்தமாகத் தொழில் செய்து சேவைக்கேற்ற கட்டணத்தைப் பொதுக் காப்புறுதியிடம் பெற்றுக்கொள்ளலாம். இன்றும் எங்கள் குடும்ப மருத்துவர் சொந்த நிலையம் வைத்திருப்பதும், நாங்கள் ஓஹிப் அட்டையை மட்டும் காட்டிவிட்டு வருவதும் இந்தச் சமரச வழியில் வந்த ஏற்பாடே.

1964இல் லொயிட் தோற்றார். வென்ற லிபரல் முதல்வர் ரொஸ் தாட்சர் திட்டத்தை ஒழிக்கவில்லை. மக்கள் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். அதே ஆண்டு, கொன்சர்வேற்றிவ் பிரதமர் டீஃபன்பேக்கர் நியமித்திருந்த நீதிபதி எமெற் ஹோலின் ஆணைக்குழு, நாடு முழுவதற்கும் இப்படியொரு திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966இல் லிபரல் பிரதமர் பியர்சன் காலத்தில் சட்டம் நிறைவேறியது. 1972க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துகொண்டன. 1984இல் கனடா சுகாதாரச் சட்டம் வந்து, நோயாளியிடம் மேலதிகக் கட்டணம் வாங்குவதற்கு முட்டுக்கட்டை போட்டது. சி.சி.எவ். கட்சியோ, 1961இல் அதன் வாரிசாக வந்த புதிய ஜனநாயகக் கட்சியோ மத்தியில் ஒருநாளும் ஆட்சி செய்ததில்லை. கோரிக்கை ஒருவருடையது, சட்டத்தில் கையெழுத்து இன்னொருவருடையது.

மற்ற அம்சங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மத்திய வங்கி வேண்டும் என்றார்கள். 1935இல் தனியார் பங்குகளோடு தொடங்கிய கனடா வங்கி 1938இல் முழுமையாக அரசுடைமையானது. மற்ற வங்கிகளையும் அரசுடைமையாக்கும் யோசனை செத்துப்போனது. செனற் சபையை ஒழிக்கச் சொன்னார்கள், அது இன்றும் இருக்கிறது. வெளியுறவில், பேரரசுகளின் போர்களுக்குக் கனடா இழுபடக்கூடாது என்றார்கள். 1939 செப்ரெம்பரில் ஹிட்லருக்கு எதிராகப் போர் வந்தபோது கட்சி மட்டுப்படுத்திய ஆதரவு கொடுக்க முடிவுசெய்தது. வூட்ஸ்வேர்த் தன் மனச்சாட்சிப்படி பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். தாளில் எழுதிய வெளியுறவுக் கொள்கை ஒரு வாரத்தில் உடைந்துபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்களைப் போன்ற குடியேறிகள் நின்று படிக்க வேண்டியது பன்னிரண்டாவது அம்சம். அந்த நாட்களில் நிவாரணம் கேட்ட குற்றத்துக்காகவே குடியேறிகள் ஆயிரக்கணக்கில் நாடுகடத்தப்பட்டார்கள். அந்த மனிதாபிமானமற்ற வழக்கத்தை நிறுத்தக் குடிவரவுச் சட்டத்தைத் திருத்த வேண்டும், இனம், தேசியம், மதம், அரசியல் நம்பிக்கை பாராமல் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அந்தப் பந்தி சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெற்காசியர்களுக்கு 1907 முதல் வாக்குரிமை கிடையாது. 1935 தேர்தலில் சி.சி.எவ்.க்கு வாக்களித்தால் ஆசியர்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிடும் என்று எதிர்த்தரப்பு பயமுறுத்திப் பிரசாரம் செய்தது. தெற்காசியர்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்தது 1947இல். ஆனால் 1942இல் ஜப்பானியக் கனடியர்களைக் கடற்கரையிலிருந்து அகற்றியபோது இதே கட்சி எதிர்த்து நிற்கவில்லை. நல்ல பந்தியை எழுதியவர்களும் நெருக்கடியில் அதை மறப்பதுண்டு.

இதிலிருந்து நான் எனக்கென்று மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒரு வாக்குறுதியைப் படித்தால், அதைச் செய்யும் அதிகாரம் கேட்பவருக்கு உண்டா என்று முதலில் பார்க்கிறேன். கனடாவில் வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் மாகாணத்தின் பொறுப்பு. மத்திய அரசு பணத்தைக் கொடுத்து நிபந்தனை போடலாம், அவ்வளவுதான். இரண்டாவது, பணம் எங்கிருந்து வரும், எந்த ஆண்டில் எந்தப் படி என்று எழுதியிருக்கிறதா? மூன்றாவது, இதனால் யாருக்கு நட்டம், அவர்கள் எதிர்த்தால் எதுவரை விட்டுக்கொடுப்பார்கள்? இந்த மூன்றையும் எங்கள் தாயகம் பற்றிய வாக்குறுதிகளிடமும் கேட்கலாம். கேட்டால், மேடையில் கைதட்டு வாங்கும் வசனங்கள் பலவற்றின் எடை குறைந்துபோகும்.

2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினரானது இந்தப் புதிய ஜனநாயகக் கட்சியிலிருந்துதான். அப்போது அது முதன்முறையாகப் பிரதான எதிர்க்கட்சி. 2025 ஏப்ரல் தேர்தலில் அதே கட்சி 7 இடங்களுக்குச் சுருங்கிவிட்டது. 1935இல் சி.சி.எவ். தன் முதற் பொதுத்தேர்தலில் பெற்றதும் 7 இடங்கள்தான். அந்தக் கட்சியின் எதிர்காலம் பற்றி ஆரூடம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் 2022இல் லிபரல் சிறுபான்மை அரசைத் தாங்கிப் பிடிப்பதற்கு அது விதித்த நிபந்தனைகளில் பல்வைத்தியக் காப்புறுதியும் ஒன்று. 2023 டிசம்பரில் முதியவர்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். வருமான வரம்பு வைத்த திட்டம்தான், எல்லோருக்கும் உரியதல்ல.

எட்டாவது அம்சத்தில் பல்வைத்தியம் என்ற சொல் 1933இலேயே இருந்தது. அங்கிருந்து இங்கே வந்து சேரத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அடுத்த தேர்தலில் விஞ்ஞாபனங்கள் வரும்போது எங்களைப் பற்றிய பந்தியை முதலில் படியுங்கள், தவறில்லை. பிறகு நடுப்பக்கங்களுக்கும் போங்கள்.