மாதம் 12.99 யூரோ: பிள்ளைகள் ஏன் அந்த விளையாட்டை விட்டுப் போவதில்லை?

மற்றவர்களுடைய வங்கிக் கணக்குகளைப் பார்த்து வரி விபரம் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். சொந்த வீட்டுக் கணக்கைப் பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. ஒருமுறை அதையும் விரித்துப் பார்த்தபோது ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. மாதம் 12.99 யூரோ. மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் அட்டையில் தொடங்கிய பற்று. அவன் படித்து முடித்து, ஒஸ்லோவின் மறுகரையில் வீடெடுத்துத் தனியாக இருக்கிறான். பற்று மட்டும் எங்கள் அட்டையிலேயே இருக்கிறது. வருடத்துக்கு 155.88 யூரோ. பதின்மூன்று வருடத்தைக் கூட்டினால் இரண்டாயிரம் தாண்டுகிறது.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வணிகவியல் படித்த புத்தி விழித்துக்கொண்டது. ஒரே பொருளை ஒரு மனிதன் பதின்மூன்று வருடம் வாங்குகிறான் என்றால் விற்கிறவன் என்ன செய்கிறான்?

விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. ஐரோப்பாவுக்கு 2005 பெப்ரவரியில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு வேடம் எடுத்து உலாவும் உலகம் அது. சாதாரண விளையாட்டுப் பெட்டியை ஒருமுறை விற்றால் கணக்கு முடிந்தது. இங்கே அப்படியில்லை. சேர்வர்கள் இரவு பகலாக ஓட வேண்டும், புதிய ஊர்களும் மிருகங்களும் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கெல்லாம் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே புதிதாக வருகிறவனை விட, போகாமல் இருக்கிறவன்தான் முதலாளிக்கு முக்கியம்.

2010 ஒக்டோபரில் சந்தாதாரர் 1 கோடி 20 இலட்சம் என்று நிறுவனம் அறிவித்தது. அதை 12.99 ஆல் பெருக்கிவிடாதீர்கள். சீனாவில் அப்போது மாதச் சந்தா இருக்கவில்லை, மணிக்கணக்கில் நேரம் வாங்கி ஆடினார்கள். சந்தாதாரர் எண்ணிக்கையும் வருமானமும் வேறு வேறு என்பதை எங்கள் சங்கப் பொருளாளர்களுக்கே விளக்கிக் களைத்தவர்கள் நாங்கள்.

ஆட்களை வைத்திருக்கும் தந்திரங்களில் சில வெறும் பெயர் மாற்றம்தான். வெளியீட்டுக்கு முந்திய சோதனைக் காலத்தில், நெடுநேரம் ஆடினால் அனுபவப் புள்ளி குறையும் என்று ஒரு விதி வைத்தார்கள். தண்டனை என்று ஆடியவர்கள் கொதித்தார்கள். உடனே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: சத்திரத்தில் படுத்து ஓய்வெடுத்துவிட்டு வந்தவனுக்கு இரட்டைப் புள்ளி, ஓய்வு தீர்ந்தால் வழமையான புள்ளி. அடிப்படை ஏறக்குறைய அதேதான். ஆனால் அபராதம் வெகுமதியாகிவிட்டது. முறைப்பாடு நின்றது, நாளைக்குத் திரும்பி வர ஒரு காரணமும் கிடைத்தது.

ஆனால் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. அதை நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை, ஆடியவர்களே கண்டுபிடித்தார்கள்.

வார்கிராஃப்ட்டின் ஆரம்ப நாட்களில் பெரிய குகைகளுக்குள் 40 பேர் சேர்ந்து போக வேண்டும். ஒருவன் அடி தாங்குவான், சிலர் காயம் ஆற்றுவார்கள், மற்றவர்கள் தாக்குவார்கள். பல மணி நேரம் போராடி மிருகத்தை வீழ்த்தினால் அது விட்டுப்போவது இரண்டு மூன்று பொருள்தான். 40 பேருக்கு எப்படிப் பிரிப்பது? 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற மூத்த விளையாட்டிலேயே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. அங்கே கில்ட் எனப்படும் குழுக்கள் உருவாக்கிய முறைதான் 'டிராகன் கொலைப் புள்ளி'. போருக்கு வந்தால் உன் பெயரில் புள்ளி வரவு. பொருள் எடுத்தால் புள்ளி பற்று. மிச்சம் அடுத்த கிழமைக்குக் கொண்டுசெல்லப்படும். யாரோ ஒரு பிள்ளை, சம்பளமில்லாமல், இந்தப் பேரேட்டை வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருப்பான்.

எங்களுக்கு இது புதிதா? சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும். எடுக்காதவன் தன் காசுக்காக நிற்பான்; எடுத்துவிட்டவன் முகத்துக்காக நிற்பான். கில்டில் சேர்ந்த புள்ளிக்கு வெளியே ஒரு சதமும் பெறுமதியில்லை. விட்டுப் போனால் அது பூச்சியம். செலவழித்துவிட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தும் அதற்காகவே மேலும் செலவழிப்பதைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறோம். அதே பாடத்தை இந்தப் பிள்ளைகள் ஆடியே படித்திருக்கிறார்கள். ஆனால் முழுப் பதில் அதுவுமில்லை. புள்ளியை விட, செவ்வாய் இரவு எட்டு மணிக்கு 39 பேர் உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிய கட்டு.

இதற்கு மறுபக்கச் சாட்சியும் உண்டு. 2014 நவம்பரில் வெளிவந்த புதிய பாகத்தோடு சந்தாதாரர் மீண்டும் ஒரு கோடியைத் தொட்டார்கள். 2015 மார்ச் முடிவில் 71 இலட்சம். ஜூன் முடிவில் 56 இலட்சம். அந்த வருடக் கடைசியில், இனி எண்ணிக்கையே வெளியிட மாட்டோம் என்றார்கள். அந்தப் பாகத்தில் ஆளுக்கொரு கோட்டை கட்டிக் கொடுத்திருந்தார்கள். சுரங்கம், தோட்டம், வேலையாட்கள் எல்லாம் கோட்டைக்குள்ளேயே. சந்தைக்கு வரத் தேவையில்லை, யாரையும் சந்திக்கத் தேவையில்லை. வசதியாகத்தான் இருந்தது, ஆனால் தனித்துப் போனோம் என்பது ஆடியவர்களின் பெரிய குறை. புதிய உள்ளடக்கம் போதாதென்ற குறையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. எங்கள் மகனின் கில்ட் கலைந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு வேறொன்றில் சேர்ந்தான்.

ஜப்பானின் ஃபைனல் பான்டஸி 14 வேறு வழி போனது. 2010இல் வந்து படுதோல்வியடைந்தது. அந்த உலகத்தின் மேல் நிலாவொன்றை விழுத்தி 2012 நவம்பரில் மூடினார்கள். 2013 ஓகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அதன் தலைமைத் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, அலுத்தால் சந்தாவை நிறுத்துங்கள், புதிது வரும்போது திரும்பி வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். கெட்டிக்கார வியாபாரம். ஆனால் அதே விளையாட்டில் வாங்கிய வீட்டுக்கு 45 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் வீடு இடிபடும். வலிகாமத்தில் வீட்டுத் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட எங்களுக்கு, அந்த விதியை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

இந்த நாட்டில் வாழ்பவர்கள் மட்ஸ் ஸ்டீன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து, 2014 நவம்பரில் 25 வயதில் இறந்த நோர்வே இளைஞர். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்து போனான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும், வார்கிராஃப்ட்டில் 'இபெலின்' என்ற பெயரில் அவரை அறிந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024இல் அது ஆவணப்படமாகவும் வந்தது. அந்தப் படத்தை நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்து பார்த்தோம்.

இரவு முழுக்க விழித்திருந்து படிப்பைக் கெடுத்த பிள்ளைகளையும் எங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளின் கண்ணீரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆளைப் பிடித்து வைக்கும் கயிறு எந்த மாட்டையும் கட்டும்.

போன நத்தாருக்கு மகன் வந்து நின்றான். எட்டு மணிக்கு மடிக்கணினியோடு அறைக்குள் போய்விட்டான். இந்தச் சந்தாவை நிப்பாட்டினால் என்னவென்று வாசலில் நின்று கேட்டோம்.

"நான் நிண்டால் அவைக்கு ஹீலர் இல்லையப்பா. காசை வேணுமெண்டால் என்ர அட்டைக்கு மாத்திவிடுங்கோ."

கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு அப்பால் அவன் ஆங்கிலத்தில் மெதுவாகக் கதைப்பது கேட்டது. யாரோ ஒருவருடைய தாய் அந்தக் கிழமை தவறிப்போயிருக்கிறார். மிருகம் வேட்டை எதுவும் நடக்கவில்லை; எல்லோரும் அந்த ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிவரை புட்டை மூடி வைத்திருந்தோம்.

பற்று இன்னும் எங்கள் அட்டையில்தான் போகிறது.