'போதும்' என்று சொல்லத் தெரியாத கருவி

பந்தியில் பரிமாறுபவரின் கண் எப்போதும் இலையின் மீதே இருக்கும். சோறு குறைந்தால் சோறு வைப்பார். குழம்பு தீர்ந்தால் குழம்பு ஊற்றுவார். உண்பவர் இலைக்கு மேல் கையை நீட்டி, 'போதும்' என்று மறித்தால்தான் பரிமாறுதல் நிற்கும். அவ்வாறு மறிக்கத் தெரியாத குழந்தைக்காக அருகில் அமர்ந்திருக்கும் தாய் தன் கையை நீட்டுவாள்.

இன்று நம் இல்லங்களில் கைப்பேசி என்னும் பெயரில் ஒரு பரிமாறுபவர் இரவும் பகலும் ஓயாமல் நிற்கிறார். விளையாட்டு, படம், பாட்டு, செய்தி, வம்பு என அவர் வைத்துக்கொண்டே இருக்கிறார். நம் பிள்ளைகளின் இலைக்கு மேல் கையை நீட்டுபவர் யார்? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முடிவு இருந்த காலம்

முன்னாளில் பொழுதுபோக்குகள் யாவும் தாமாகவே ஓரிடத்தில் முடிந்தன. தாயக்கட்டத்தில் காய்கள் அனைத்தும் பழுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பல்லாங்குழியில் முத்துகள் ஒருபக்கம் சேர்ந்துவிட்டால் எழுந்துவிடுவார்கள். தெருவில் ஆடிய கிட்டிப்புள்ளை இருட்டு வந்து நிறுத்தியது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாட்களில் மாலையில் சில மணி நேரமே ஒளிபரப்பு இருந்தது. அது முடிந்ததும் திரை வெறுமையாயிற்று. வீட்டார் பாயை விரித்தனர்.

அக்காலத்து மனிதர் நம்மைவிட அடக்கமுடையவர் என்று எண்ணிவிட வேண்டாம். வானொலி விடிய விடியப் பாடியிருந்தால் அவர்களும் விடிய விடியக் கேட்டிருப்பார்கள். அவர்களுடைய கருவிகளுக்கு ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லை அவர்களைக் காத்தது.

முடிவதில் இலாபம்

வீடியோ கேம் எனப்படும் மின்னணு விளையாட்டுகளும் தொடக்கத்தில் இவ்வாறே இருந்தன. 1978-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் அதே நாட்டில் டோரு இவாடானி என்பவர் உருவாக்கிய 'பேக்-மேன்' ஆகியவை கடைகளில் நிறுத்தப்பட்ட பெரிய இயந்திரங்களில் ஆடப்பட்டன. ஒரு நாணயம் போட்டால் ஓர் ஆட்டம். ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். ஆகவே ஆட்டம் முடிவதில்தான் கடைக்காரருக்கு இலாபம் இருந்தது.

'பேக்-மேன்' விளையாட்டைப் பற்றிய சுவையான செய்தி ஒன்று உண்டு. எத்தனையாவது கட்டம் என்பதைக் குறித்துவைக்க அந்த இயந்திரத்தில் 0 முதல் 255 வரை எண்ணுவதற்கே இடம் இருந்தது. எனவே ஒருவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும், 256-ஆவது கட்டத்தை அடைந்ததும் திரையின் வலப்பாதி சிதறிய எழுத்துகளால் நிரம்பிவிடும். அதற்குமேல் செல்ல இயலாது. வேண்டுமென்று வைக்கப்படாத முடிவு அது. ஆயினும் முடிவு முடிவுதான்.

பின்னர் இவ்விளையாட்டுகள் வீட்டுக்குள் வந்தன. 1990-களில் நம் ஊர்ச் சிறுவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடிய கருவிகளைப் பலர் நினைவுகூரக்கூடும். அதில் செருகும் பெட்டியைக் 'கேசட்' என்றே அழைத்தனர். 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் 32 கட்டங்கள். அவற்றைக் கடந்து இளவரசியை மீட்டுவிட்டால் கதை நிறைவுறும். செய்த நிறுவனம் தன் விலையை முன்பே பெற்றுக்கொண்டது. வாங்கியவர் பத்து நிமிடம் ஆடினாலும் பத்து மணி நேரம் ஆடினாலும் அதற்கு அதனால் வரவுமில்லை, இழப்புமில்லை.

முடியாதிருப்பதில் இலாபம்

கைப்பேசியில் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. இன்றைய விளையாட்டுகளில் மிகுதியானவை 'இலவசம்' என்று வருகின்றன. இலவசமாகக் கொடுப்பவர் எதைக் கொண்டு பிழைக்கிறார்? நாம் பார்க்கும் விளம்பரத்தாலும், ஆட்டத்தின் நடுவே சிறிது சிறிதாக நாம் செலுத்தும் பணத்தாலும் பிழைக்கிறார். எவ்வளவு நேரம் ஆடுகிறோமோ அவ்வளவு விளம்பரம். ஆட்டம் முடிந்துவிட்டால் அவருடைய வருவாயும் முடிந்துவிடும். ஆகவே முடிவு என்பதே நீக்கப்பட்டது.

2012-இல் வெளிவந்த 'கேண்டி கிரஷ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இல்லத்தரசியரும் முதியோரும் விரும்பி ஆடும் எளிய விளையாட்டு அது. ஆடுபவருக்கு ஐந்து 'உயிர்கள்' அளிக்கப்படும். அவை தீர்ந்தால் ஓர் உயிர் மீண்டும் கிடைக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது நல்ல நிறுத்தமன்றோ என்று தோன்றலாம். ஆனால் காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்து உடனே தொடரலாம்! நிறுத்தமும் விற்பனைச் சரக்காகிவிட்டது. கட்டங்களோ ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. மேலும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

இலாப நோக்கு மட்டுமே மனிதரை ஈர்க்கிறது என்று கூறுவது நேர்மையன்று. 1984-இல் மாஸ்கோ நகரின் கணிப்பொறி ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' விளையாட்டை உருவாக்கியபோது அதை விற்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் அதை ஆடத் தொடங்கியபின் தம்மாலேயே நிறுத்த முடியவில்லை என்று அவர் கூறியிருக்கிறார். விளையாட்டில் இயல்பாகவே ஈர்ப்பு உண்டு. அந்த ஈர்ப்பை அளந்து, கூட்டி, விலையாக மாற்றும் கலையே பிற்காலத்தில் வளர்ந்தது.

புறாவும் தானியமும்

அக்கலையின் அடிப்படை பழையதொரு சோதனையில் விளங்குகிறது. பி. எப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களைக் கூண்டில் வைத்து, ஒரு தட்டைக் கொத்தினால் தானியம் விழும்படி அமைத்தார். எத்தனை முறை கொத்தினால் தானியம் வரும் என்று தெரியாதபடி, சிலபோது உடனேயும் சிலபோது நெடுநேரம் கழித்தும் அது விழுமாறு செய்தபோது, புறா ஓயாமல் கொத்தியது. தானியம் விழுவது நின்றுபோன பின்னும் எளிதில் விடவில்லை. அடுத்த கொத்தில் கிடைத்துவிடுமோ என்னும் எதிர்பார்ப்பு அதனைப் பிடித்து வைத்திருந்தது.

சூதாட்ட இயந்திரத்தின் இரகசியம் இதுதான். விளையாட்டுகளில் வரும் 'பரிசுப் பெட்டி'யின் இரகசியமும் இதுதான். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். இது சூதாட்டமே என்று 2018-இல் பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் சில விளையாட்டுகளைப் பற்றித் தீர்மானித்தனர்.

விளையாடாதவரும் இதற்குத் தப்பவில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ளப் புதிய செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன அல்லவா? முன்பு ஒரு பக்கம் முடிந்ததும் 'அடுத்த பக்கம்' என்னும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அந்தச் சிறு இடைவெளியில் 'போதுமே' என்னும் எண்ணம் தோன்ற இடமிருந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் அந்த இடைவெளியை நீக்கும் முறையை வகுத்தார். பயனாளரின் வசதிக்கென்றே அவர் அதைச் செய்தார். பின்னர் அதன் விளைவுகளைக் கண்டு, 2018-இல் தம் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார்.

ஹனோய் நகரத்து இளைஞர்

தாம் உருவாக்கியதை நோக்கித் தாமே 'போதும்' என்று சொன்ன ஒருவரும் உண்டு. வியட்நாம் நாட்டின் ஹனோய் நகரைச் சேர்ந்த டாங் நுயென் என்னும் இளைஞர் சில நாட்களுக்குள் எழுதி முடித்து, 2013 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு 'பிளாப்பி பேர்ட்'. பச்சைக் குழாய்களின் நடுவே ஒரு சிறு பறவையைப் பறக்கச் செய்ய வேண்டும். எதிலேனும் உரசினால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவியது. விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வந்ததாக அவரே கூறினார்.

அவருக்கு மடல்களும் வந்தன. விளையாட்டால் வேலையை இழந்தவர்களும், பிள்ளைகளுடன் பேசுவதையே விட்டுவிட்ட ஒரு தாயும் அவற்றில் இடம்பெற்றனர். 2014 பிப்ரவரியில் அவர் அந்த விளையாட்டை நீக்கிவிட்டார். ஓய்வான வேளையில் சில நிமிடங்கள் ஆடுவதற்காகத் தாம் செய்தது மக்களை அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்றும், அதனால் அதை நீக்குவதே வழி என்றும் விளக்கம் தந்தார்.

அப்பெயரின் உரிமையைப் பெற்ற வேறொரு குழுவினர் 2024-இல் அதை மீண்டும் கொண்டுவரப்போவதாக அறிவித்தனர். தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாங் நுயென் தெரிவித்துவிட்டார். ஒருவர் மூடிய கடையை மற்றொருவர் திறப்பது உலக வழக்கம். எனவே விற்பவரின் மனச்சான்றை மட்டும் நம்பி நாம் வாளாவிருக்க இயலாது.

சட்டம் காக்குமா?

தென் கொரியா 2011-இல் ஒரு சட்டம் இயற்றியது. 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளை ஆடக்கூடாது என்றது அச்சட்டம். கணிப்பொறியை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட அதனால், பின்னர் பெருகிய கைப்பேசி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டு, பொறுப்பு குடும்பங்களிடம் திரும்பியது. சீனாவோ 2021-இல், 18 வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்று விதித்தது.

நம் நாட்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் கடனில் மூழ்கியதையும் உயிர்கள் மாய்ந்ததையும் கண்டு, தமிழக சட்டமன்றம் 2022-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இவ்வகைப் பண விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சட்டம் வாசல்வரையே வரும். போர்வைக்குள் ஒளிரும் திரையை அணைக்க அது வராது.

விளையாட்டு குற்றமா?

அன்று. விளையாட்டு பிள்ளையின் உரிமை. நல்ல விளையாட்டு கூர்மையான கவனத்தையும், தோல்வியைத் தாங்கி மீண்டும் முயலும் உறுதியையும் வளர்க்கும். வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தைக் குழந்தைக்கு நாள்தோறும் காட்டுவதும் இதே கைப்பேசிதான்.

உலக சுகாதார நிறுவனம் 'விளையாட்டுச் சீர்கேடு' என்பதை நோய்களின் பட்டியலில் 2019-இல் ஏற்றுக்கொண்டது. 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்படுகின்றன: ஆடுவதை அடக்க இயலாமை, மற்றெல்லாவற்றையும்விட ஆட்டத்திற்கே முதலிடம் அளித்தல், தீமை விளைந்த பின்னும் விடாதிருத்தல். இந்நிலை பொதுவாக 12 மாதங்களேனும் நீடிக்க வேண்டும். ஆகவே விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஆடிய மகனை 'நோயாளி' என்று திட்டுவது தவறு. உறக்கம், படிப்பு, உணவு, நட்பு ஆகிய நான்கும் குலைந்துவரும் மகனைக் கண்டும் காணாதிருப்பது அதனினும் பெருந்தவறு. அத்தகைய நிலையில் தயங்காமல் மருத்துவரை நாடுக.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, கருவி நீக்கிய முடிவை நாமே மீண்டும் வைப்போம். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் ஏற்பாட்டை அணைத்துவிடலாம். ஓயாமல் ஒலிக்கும் அறிவிப்புகளையும் நிறுத்தலாம். இவ்வசதிகள் பெரும்பாலான கருவிகளிலேயே உள்ளன.

இரண்டாவது, விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு முடிவு உண்டா என்று பாருங்கள். ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு, 'இலவச' விளையாட்டைவிடப் பலவேளைகளில் மலிவானது. பிள்ளைகள் ஆடும் கருவியில் வங்கி அட்டையின் எண்ணைப் பதிந்துவைக்காதீர்கள்.

மூன்றாவது, இரவில் வீட்டாரின் கைப்பேசிகள் அனைத்தும் படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் உறங்கட்டும். 'அனைத்தும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பாவின் கைப்பேசிக்கு விலக்களித்தால் இவ்விதி ஒரு வாரமும் நிற்காது.

நான்காவது, 'இப்போதே நிறுத்து' என்று பாய்ந்து பிடுங்காதீர்கள். நண்பர்களுடன் சேர்ந்து ஆடும் விளையாட்டில் நடுவே எழுந்தால், அணியைக் கைவிட்டவன் என்னும் பழி பிள்ளைக்கு வரும். 'இந்த ஆட்டத்தோடு முடித்துக்கொள்கிறாயா?' என்று முன்பே பேசிவையுங்கள். முடியும்வரை அருகில் அமர்ந்து பாருங்கள். அவன் எதில் மகிழ்கிறான் என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

ஐந்தாவதும் இன்றியமையாததும் ஒன்றுண்டு. நிறுத்தச் சொன்ன பின் பிள்ளை எங்கே போவான்? கருவியை வாங்கி வைத்துவிட்டு நாம் தொலைக்காட்சித் தொடருக்குத் திரும்பினால், அவனுக்கு எஞ்சுவது வெறுமையே. வெறுமையிலிருந்து தப்பவே பலர் மீண்டும் திரையை நாடுகின்றனர். ஒரு தாயக்கட்டம், மாலையில் ஒரு நடை, சமையலறையில் ஒரு சிறு வேலை, பாட்டியின் ஒரு கதை இவற்றுள் ஏதேனும் அங்கே காத்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பது நம் முன்னோர் மொழி. அம்மனம் பிறவியிலேயே வருவதன்று. கருவிகளும் அதைக் கற்பிக்கமாட்டா; கற்பித்தால் அவற்றின் வணிகம் நடவாது. பெரியோர் தம் கைப்பேசியைக் கீழே வைப்பதை நாள்தோறும் கண்டே பிள்ளைகள் அதைக் கற்பார்கள். இன்று இரவு உணவுக்கு அமரும்போதே இதைத் தொடங்கலாம்.