சோடியம்-கால்சியம் பரிமாற்றி

சோடியம்-கால்சியம் பரிமாற்றி என்பது உயிரணுக்களின் மேற்சவ்வில் அமைந்துள்ள ஒரு கடத்திப் புரதம் ஆகும். இது மூன்று சோடியம் அயனிகளை உயிரணுவினுள் விட்டு, அவற்றுக்கு ஈடாக ஒரு கால்சியம் அயனியை வெளியேற்றுகிறது. இதயத் தசை உயிரணு ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் தளர்வதற்கு இப்பரிமாற்றம் இன்றியமையாதது. டிகாக்சின் என்னும் மருந்து இதயத்தை வலுப்படுத்துவதும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவலாக வளரும் அரளி இதயத்தை நிறுத்திவிடக் கூடியதும் பெரிதும் இப்புரதத்தின் வழியாகவே நிகழ்கின்றன.

துடிப்பும் கால்சியமும்

இதயத் தசை சுருங்குவதற்குக் கால்சியம் தேவை என்பதை 1883ஆம் ஆண்டு சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டறிந்தார். குழாய் நீரில் கரைத்த உப்புக் கரைசலில் தவளையின் இதயம் தொடர்ந்து துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசலில் விரைவில் நின்றுபோனது. குழாய் நீரில் இருந்த கால்சியமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஆகும்.

மின் தூண்டல் வந்தவுடன் வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் உயிரணுவினுள் நுழைகிறது. அது, உயிரணுவின் உள்ளே உள்ள சேமிப்பு வலையமைப்பிலிருந்து மேலும் அதிகக் கால்சியத்தை விடுவிக்கிறது. உயிரணுவின் உட்பாய்மத்தில் கால்சியச் செறிவு ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்து, தசை சுருங்குகிறது. தசை தளர வேண்டுமெனில் இக்கால்சியம் அகற்றப்பட வேண்டும். அதன் பெரும்பகுதி மீண்டும் சேமிப்பு வலையமைப்பினுள் செலுத்தப்படுகிறது. எஞ்சியதில் ஏறக்குறைய முழுவதையும் பரிமாற்றி வெளியேற்றுகிறது. முயலின் இதயத்தில் பரிமாற்றியின் பங்கு சுமார் 28 விழுக்காடு. எலியின் இதயத்தில் சுமார் 7 விழுக்காடு மட்டுமே.

ஒவ்வொரு துடிப்பிலும் நுழைந்த அளவு கால்சியம் வெளியேறியாக வேண்டும். இக்கணக்குத் தவறினால் உயிரணுவில் கால்சியம் சேரத் தொடங்கும்.

இயங்கும் ஆற்றல்

ஓய்வு நிலையில் உயிரணுவின் உள்ளே இருப்பதைக் காட்டிலும் வெளியே கால்சியச் செறிவு பத்தாயிரம் மடங்குக்கு மேல் மிகுதி. இந்த ஏற்றத்துக்கு எதிராகக் கால்சியத்தைத் தள்ளும் பரிமாற்றி, அதற்காக ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிடுவதில்லை. வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், உள்ளே சுமார் 10 மில்லிமோல் எனச் சோடியத்தின் செறிவு வேறுபடுகிறது. மேட்டிலிருந்து இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவது போல, உட்புகும் சோடியமே கால்சியத்தை வெளியே தள்ளுகிறது.

இச்சோடிய வேறுபாட்டை நிலைநிறுத்துவது சோடியம்-பொட்டாசியம் எக்கி என்னும் வேறொரு புரதம் ஆகும். இதனை 1957இல் விளக்கிய டென்மார்க்கு அறிவியலாளர் யென்சு இசுக்கோவுக்கு 1997ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு வழங்கப்பட்டது. எக்கி தளர்ந்தால் பரிமாற்றியும் தளரும்.

கண்டுபிடிப்பு

இதயத் தசையில் இப்பரிமாற்றம் நடைபெறுவதை 1968இல் ரியூட்டர், சைட்சு ஆகியோர் கினி எலியின் இதயத்தைக் கொண்டு காட்டினர். 1969இல் கணவாயின் நரம்பிழையிலும் இது கண்டறியப்பட்டது. கலிபோர்னியாவில் பிலிப்சன் குழுவினர் 1990இல் நாயின் இதயத்திலிருந்து இப்புரதத்துக்கான மரபணு வரிசையைப் பிரித்தெடுத்தனர்.

மருந்தும் நஞ்சும்

டிஜிட்டாலிசு செடியின் மருத்துவப் பயனை வில்லியம் விதரிங் 1785இல் நூலாக வெளியிட்டார். அச்செடியினத்திலிருந்து பெறப்படும் டிகாக்சின், சோடியம்-பொட்டாசியம் எக்கியை ஓரளவு தடுக்கிறது. உள்ளே சோடியம் சற்று உயர்வதால் பரிமாற்றி மெதுவாகிறது. வெளியேறாத கால்சியம் சேமிப்பில் சேர்ந்து, அடுத்த துடிப்பை வலுவாக்குகிறது.

அரளியில் உள்ள ஒலியாண்டிரின், மஞ்சள் அரளியில் உள்ள தெவெட்டின் ஆகியவையும் இதே எக்கியையே தடுக்கின்றன. இங்கு அளவுக்கு எவ்விதக் கட்டுப்பாடும் இல்லை. சேமிப்பு நிரம்பி வழியும்போது தூண்டல் இன்றியே கால்சியம் கசிகிறது. அதனைப் பரிமாற்றி வெளியேற்ற முயல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்று நேர்மின்னூட்டங்கள் உள்ளே வந்து இரண்டே வெளியேறுவதால், உயிரணு ஒரு மின்னூட்டத்தைக் கூடுதலாகப் பெறுகிறது. இதனால் காலம் தவறிய துடிப்புகள் தோன்றுகின்றன. இதயத்தில் மின் தூண்டல் கடத்தப்படுவதும் தடைப்படலாம். எக்கி நின்றதால் இரத்தத்தில் பொட்டாசியமும் உயரும்.

யாழ்ப்பாணத்தில் 170 மஞ்சள் அரளி நச்சு நிகழ்வுகளைச் சரவணபவானந்தன், கணேசமூர்த்தி ஆகியோர் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். டிகாக்சினுக்கு எதிராக உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள் துண்டுகள் மஞ்சள் அரளி நஞ்சையும் முறிக்கின்றன என்பது இலங்கையில் நடைபெற்று 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் உறுதியானது. எனினும் இம்மருந்தின் விலை, அது மிகவும் தேவைப்படும் மருத்துவமனைகளுக்கே எட்டாததாக இருந்தது. மருந்து கிடைக்காமையால் நேர்ந்த இறப்புகள் குறித்து 2003இல் மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளிவந்தது. நஞ்சுமுறி இல்லாத இடங்களில் அட்ரோப்பின், தற்காலிக இதய முடுக்கி ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன.

அரளி தமிழ்நாட்டில் பூசை மலராகவும், நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் வேலியோரங்களிலும் வளர்க்கப்படும் செடியாகவும் உள்ளது. உட்கொண்டவருக்குத் தொடக்கத்தில் பெரிய அறிகுறிகள் தெரியாவிடினும், துடிப்புக் கோளாறு சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். எனவே எவ்வளவு சிறிய அளவாயினும் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, இதய மின்வரைவுக் கண்காணிப்பில் வைத்தல் வேண்டும்.