வற்றும் ஏரியும் உலகப் பாதுகாப்பும்

மழை பொய்த்த ஆண்டில் மடைத் தகராறு வருமென்பதை நமது அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் எழுந்த தகராறாயின் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளலாம். நாட்டெல்லையைக் கடந்துவிட்டால் யார் தீர்ப்பது? சீதோஷ்ண மாறுதல் சர்வதேசப் பாதுகாப்பைச் சேர்ந்த பிரச்னையா என்று உலக நாடுகள் வாதிடுவதன் உட்பொருள் இதுவே.

ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை எடுத்துக்கொள்வோம். நைஜீரியா, நைஜர், சாட், காமரூன் ஆகிய நான்கு நாடுகள் அதன் கரையில் உள்ளன. ஆழம் மிகக் குறைந்த ஏரியாதலால், வரத்து சற்றுக் குறையினும் கரை வெகுதூரம் உள்வாங்கிவிடும். 1960-களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த நீர்ப்பரப்பு, அடுத்த இருபதாண்டுகளின் கடும் வறட்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயிற்று. பாசனத்துக்கு நீர் எடுத்ததும் ஒரு காரணம். பின்னர் ஓரளவு மீண்டதாயினும், எந்த ஆண்டு எவ்வளவு நீர் வருமென்று நம்ப இயலாத நிலை. நீர் விலகிய ஈரநிலத்தில் உழவர் பயிரிடுகின்றனர். அதே நிலத்தை நாடி மாடு மேய்ப்போரும் வருகின்றனர்.

காமரூனின் வடகோடியில் மீன்பிடிப்போர் ஆற்றுநீரைத் தேக்கக் குழிகள் வெட்டினர். மேய்ப்போரின் மாடுகள் அவற்றில் விழுந்து சிக்கின. 2021 ஆகஸ்டில் மூண்ட சண்டை டிசம்பர் 5 அன்று மீண்டும் வெடித்தது. ஊர்கள் எரிந்தன, பல்லாயிரவர் எல்லை கடந்து சாட் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். குழிவெட்டிய தகராறு இரு நாடுகளின் விஷயமாகிவிட்டது.

எட்டு நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அயர்லாந்தும் ஏரிக்கரை நாடான நைஜரும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தன. பூசல்களை ஆராயும்போது சீதோஷ்ண மாறுதலையும் ஒரு காரணமாகக் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். ஆதரவு 12, சீனா நடுநிலை, ருஷ்யாவும் இந்தியாவும் எதிர்ப்பு. ருஷ்யாவுக்குத் தடுப்புரிமை உண்டாதலால் தீர்மானம் வீழ்ந்தது.

நமது தேசம் கூறிய காரணம் கூட்டுறவாளருக்குப் புரியாததன்று. 1992-இல் ஏற்பட்ட சீதோஷ்ண உடன்படிக்கையின் மன்றத்தில் ஏறத்தாழ எல்லா நாடுகளும் அமர்கின்றன. பாதுகாப்புச் சபையிலோ 15 நாடுகளே, அவற்றுள் ஐந்துக்குத் தடுப்புரிமை. புகையை மிகுதியாகக் கக்கிச் செல்வம் சேர்த்த நாடுகளின் கடமை அங்கே மறக்கப்படலாம். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்ற விதியில் வளர்ந்த நமக்கு இந்த ஐயம் நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் அப்பெரிய மன்றத்தில் யாவரும் இசைந்தாலன்றி முடிவில்லை. காரியம் மெல்லவே நகர்கிறது. குழியோரத்துச் சண்டை அதுவரை பொறுப்பதில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 2017 மார்ச்சில் சாட் ஏரிப் பகுதியைக் குறித்து மட்டும் இதே சபை ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தில், சீதோஷ்ண மாறுதல் அங்கே அமைதியைக் குலைப்பவற்றுள் ஒன்றென ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அன்று ருஷ்யாவும் கை உயர்த்தியது.