நனோ வெள்ளி: விலை கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

'நனோ வெள்ளி கலந்தது, கிருமிகளை அழிக்கும்' என்ற வாசகத்துடன் காலுறை, துவாய், உணவுப் பெட்டி, நீர் வடிகட்டி எனப் பல பொருட்கள் சந்தைக்கு வருகின்றன. சாதாரண பொருளைவிட விலையும் கூட. இதில் உண்மை உண்டா என்று வியாபார நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. விஞ்ஞானம் உண்மைதான். ஆனால் அதை நம்பி எல்லாப் பொருளுக்கும் கூடுதல் விலை கொடுத்துவிட முடியாது என்பதே எனது பதில்.

ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. பக்கத்துக்கு 1 சென்ரிமீற்றர் கொண்ட வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியை 10 நனோமீற்றர் அளவான சிறு கட்டிகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். ஈரம் பட்டதும் இந்த மேற்பரப்பிலிருந்து வெள்ளி அயன்கள் வெளியேறுகின்றன. அவை பற்றீரியாவின் கலமென்சவ்வைச் சேதப்படுத்தி, உள்ளே புரதங்களுடன் பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கின்றன. கொஞ்ச வெள்ளியே போதுமாவதன் இரகசியம் இதுதான்.

வெள்ளி வெளியேறினால்தான் வேலை நடக்கும். முழுவதும் வெளியேறிவிட்டால் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவின் அரிசோனா அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நனோ வெள்ளிக் காலுறைகளை நீரில் கழுவிப் பார்த்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். சில காலுறைகள் நான்கே கழுவல்களில் ஏறத்தாழ வெள்ளி முழுவதையும் இழந்திருந்தன. வேறு சிலவற்றில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. துணியில் வெள்ளியைச் சேர்க்கும் முறையே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

ஆகவே, கொள்வனவு செய்யுமுன் வழங்குநரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த உலோகம், எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது? எந்தப் பற்றீரியாவுக்கு எதிராக, எந்த ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டது? துணிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 20743 என்ற சோதனைத் தரம் உண்டு. எத்தனை கழுவல்களுக்குப் பின்னர் சோதித்தார்கள்? புதுத் துணியில் மட்டும் செய்த சோதனையால் வாடிக்கையாளருக்குப் பயனில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆடை அனுப்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கு 2013 செப்டெம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, கிருமிகளைத் தடுக்கும் எனக் கூறி விற்கும் பொருளின் லேபலில் அதற்குப் பயன்படுத்திய பதார்த்தத்தின் பெயர் இருக்க வேண்டும். அது நனோ வடிவிலானால் 'நனோ' என்றும் குறிப்பிட வேண்டும்.

குடிப்பதற்கென விற்கப்படும் 'வெள்ளி நீர்' மருந்துகளைக் கடையில் வைக்காதீர்கள் என்பதே எனது ஆலோசனை. தொடர்ந்து அருந்தினால் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாக மாறக்கூடும்.

வழங்குநர் சோதனை அறிக்கை தராவிட்டால் சாதாரண காலுறையின் விலையையே பேசுங்கள். லேபலை அச்சடித்தவர் எங்கோ இருப்பார். நான்காவது கழுவலுக்குப் பின் வாடிக்கையாளர் உங்கள் கடைக்குத்தான் வருவார்.